மடிக்கணினிக்கு விசிறியவர்

மேஜைக் கணினியும் மடிக்கணினியும் வேகத்தில் சரிசமம் என்று முத்திரை குத்தி நிரூபித்த மனிதர், தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த விரல்தாங்க" என்று ஆட்காட்டி விரலைத் தனியாக நீட்டினாள் மனைவி. "இதுதான் மந்தமாயிடுச்சு."

"விரலுக்கு ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமலா இப்படி? முன்னெல்லாம் ஒரு பாலத்தைத் திருப்பிப் பார்க்கணும்னா கை வச்ச உடனே திரும்பும். இப்ப நான் ஒரு தட்டு தட்டினா அது யோசிச்சு, மூச்சு வாங்கி, அப்புறமா மனசு வந்து திரும்புது. மெஷின் புதுசு. அப்ப பழசு யாரு? நான்தானே?"

அவர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டு அழுத்தி நீவினார். குற்றம் செய்தவன் கை எப்போதும் ஒரு பங்கு கூடுதலாகவே உழைக்கும்.

மனைவி பாலங்கள் துறையில் வரைவாளர். ஆற்றுப் பாலம், ரயில் பாலம், நடைப்பாலம் என்று எல்லாவற்றையும் கணினியில் வரைந்து, சுழற்றிப் பார்த்து, எங்கே இடிக்கும் என்று சொல்கிறவள். கணவர் கணினித் திறன் ஒப்பீட்டு நிலையத்தில் பரிசோதகர். நான்கு மாதத்துக்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியத்தால்தான் அவள் விரல் மந்தமானது. அது அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

நடந்தது இதுதான்.

துறைகள் எல்லாவற்றிலும் பழைய மேஜைக் கணினிகளை எடுத்துவிட்டு மடிக்கணினி கொடுக்கலாமா என்று மேலிடம் கேட்டது. இரண்டுக்குள்ளும் மூளையாக இருக்கிற செயலிக்கு ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே எண். விற்பனைக் கையேட்டைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் மேஜைக் கணினியின் செயலி விசாலமான பெட்டிக்குள் பெரிய விசிறியோடு, வேண்டிய மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு வேலை செய்யும். மடிக்கணினியின் செயலிக்கு உள்ளங்கையளவு இடம், சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு விசிறி. முதல் சில நிமிடம் பறக்கும். சூடேறியதும் தான் வெந்து போகக் கூடாதே என்று தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினிக் கடை வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அதனால்தான் யாரையும் கேட்கவில்லை. நிலையத்தைக் கேட்டார்கள்.

நிலையத்தின் இயக்குநர் சோதனைக்கு முன் உரையாற்றினார். உரையாற்றாமல் அங்கே ஒரு பிளக்கைக்கூடச் சொருக மாட்டார்கள்.

"ஒப்பீடுங்கிறது சாதாரண விஷயமில்லை. ஒண்ணு மேஜை மேல உக்காந்திருக்கு, இன்னொண்ணு மடியில உக்காந்திருக்குங்கிறதுக்காக நாம பாரபட்சம் காட்டக் கூடாது. எது எதுன்னே நமக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு சாயும். நான் இந்த நாற்காலிக்கு வந்து இத்தனை வருஷத்துல எதைப் பத்தியும் எதுவும் தெரிஞ்சுக்காம இருந்திருக்கேன். அதனாலதான் இந்த நிலையத்துக்கு இவ்வளவு நல்ல பேரு."

கைதட்டினார்கள். துணை இயக்குநர் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டினார். எதைச் சொன்னாலும் "அப்படியே செஞ்சிடலாம்" என்பதால் அவருக்கு 'அப்படியே சார்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

அதன்படி இரண்டு கணினிகளின் மேலும் வெள்ளைத் துணி போர்த்தப்பட்டது. ஒரு துணி ஆள் உட்கார்ந்த மாதிரி எழும்பி நின்றது. இன்னொன்று தட்டையாகக் கிடந்தது. எது எது என்று யாருக்கும் தெரியவில்லை என்று நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டுக்கும் ஒரே வேலை கொடுக்கப்பட்டது. எழும்பி நின்ற துணி வேலையை முடித்துவிட்டுச் சும்மா இருந்தது. தட்டைத் துணி ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு, ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற பிராணிக்குக் கம்பளி போர்த்தியது போல, நடை தளர்ந்து தளர்ந்து ஊர ஆரம்பித்தது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இரண்டும் முடிக்காவிட்டால் சோதனை செல்லாது. உரையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அந்த உரையைத்தான் பரிசோதகரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது ஏற்கெனவே இரண்டு தடவை ஆகிவிட்டது. பசி வேறு. மற்றவர்கள் கை கழுவப் போயிருந்த நேரம். கணினி வந்த பெட்டியின் அட்டை மூடி தரையில் கிடந்தது. எடுத்தார். துணியை ஒரு பக்கம் தூக்கிவிட்டு விசிறினார். பாவம், வெந்து போகிறதே என்று தன்னிடமே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டார். தட்டைத் துணி தலை நிமிர்ந்து ஓடியது. மணி அடிக்க முடித்தது.

இரண்டும் சமம். கையெழுத்து, முத்திரை, லட்டுக்குப் பதில் பிஸ்கட்.

அடுத்த மாதமே துறைகளுக்கெல்லாம் மடிக்கணினி வந்து இறங்கியது. முதல் வண்டி பாலங்கள் துறைக்குத்தான் போனது.

அன்று சாயங்காலம் மனைவி பூரிப்போடு வீட்டுக்கு வந்தாள். "உங்க ஆபீஸ்லதான் சோதிச்சாங்களாமே? எங்க தலைமை வரைவாளர் சொன்னாரு. நீங்களா சோதிச்சீங்க?"

"நானும் கூட இருந்தேன்."

"பார்த்தீங்களா, சொல்லவே இல்லை! என் புருஷன் சோதிச்ச மெஷின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அதற்கப்புறம் எத்தனையோ சாயங்காலம் வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் "சாப்பாடு ஆச்சா?" என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

வரைவறையில் பாலங்கள் பின்தங்க ஆரம்பித்தன. மற்ற வரைவாளர்கள் மெஷினைத் திட்டினார்கள். இவள் மட்டும் திட்டவில்லை. கணவர் கை பட்ட மெஷின் ஆயிற்றே. அதனால் தன்னைத் திட்டிக்கொண்டாள். கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி மாற்றினாள். விரல்களுக்குப் பயிற்சி செய்தாள். கடைசியில் ஒரு நாள், "எனக்கு வயசாயிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலை.

அடுத்த நாள் காலையில் இயக்குநர் அறைக்குள் நேராகப் போய்விட்டார்.

"சார், அந்த மடிக்கணினிச் சோதனையில நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். அட்டையால விசிறினேன்."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "யாராவது பார்த்தாங்களா?"

"இல்லை சார்."

"அறிக்கையில இருக்கா?"

"இல்லை சார்."

"அப்ப நீங்க விசிறலை."

"விசிறினேன் சார். இந்தக் கையாலதான்."

"தம்பி, உக்காருங்க." இயக்குநரின் குரலில் தகப்பன் பாசம் வழிந்தது. "நடந்தது அச்சானா அது உண்மை. அச்சாகலேன்னா அது வதந்தி. உங்களைப் பத்தி நீங்களே வதந்தி கிளப்பினா நிலையத்தோட மானம் என்னாகுறது? மனசு உறுத்துதுன்னா லீவு எடுங்க. உறுத்தலுக்கு வருஷத்துக்கு மூணு நாள் தரோம், தெரியாதா? யாருமே எடுக்கிறதில்லை. அவ்வளவு சுத்தமான ஆபீஸ்."

அவர் எழுந்திருக்கவில்லை. இயக்குநரே பேச்சை மாற்றினார்.

"நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. பாலங்கள் துறையிலேர்ந்து கேட்டிருக்காங்க. மடிக்கணினி வந்ததுக்கப்புறம் வேலை மெதுவாயிடுச்சாம். மெஷின் ரெண்டும் சமம்னு நாம நிரூபிச்சுட்டோம். அப்ப கோளாறு எங்கே? ஆள்கிட்ட! அதனால இனிமே ஆளையும் நாமதான் ஒப்பிடப் போறோம். எவ்வளவு பெரிய வளர்ச்சி பாருங்க. முதல்ல ஒரு வரைவாளரை அனுப்புறாங்க. மேஜைக் கணினியிலயும் மடிக்கணினியிலயும் வரையச் சொல்லணும். மடிக்கணினியில மெதுவா வரைஞ்சா தகுதிக் குறைவு. பழைய வரைபடக் கிடங்குக்கு மாத்திடுவாங்க. அங்கே சுருள் சுருளா அடுக்குற வேலை. தேறிட்டா அதே நாற்காலி. நீங்கதான் சோதிக்கிறீங்க."

இயக்குநர் நீட்டிய தாளில் அனுப்பப்படுகிறவரின் விவரத்தைப் பரிசோதகர் படித்தார்.

"சார்... இவங்க என் மனைவி."

"அதனால?"

"நான் சோதிச்சா பாரபட்சம்னு சொல்ல மாட்டாங்களா?"

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"பதினோரு வருஷம் சார்."

"அப்ப பாரபட்சமே இருக்காது" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டார் இயக்குநர்.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். "நீங்கதானா? அப்பாடா. வேற யாராவது இருந்தா கை நடுங்கியிருக்கும். நீங்க ஒண்ணும் எனக்குச் சலுகை காட்ட வேண்டாம், சரியா? நேர்மையா பாருங்க. நான் மந்தம்னா மந்தம்தான். கிடங்குக்குப் போறேன்."

நேர்மை என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். தாகம் இல்லை.

சோதனை நாளன்று நிலையத்தின் கூடத்தில் இரண்டு மேஜைகள், இரண்டு கணினிகள், எதிரே சோதனைக் குழுவினர். உரை முடிந்ததும் துணை இயக்குநர் மடித்த வெள்ளைத் துணியோடு வரைவாளரை நெருங்கினார்.

"இது எதுக்கு சார்?" என்றாள் மனைவி.

"போர்த்திக்கணும்மா. யார் யார்னு தெரியக் கூடாது. விதி."

"எல்லாருக்கும்தான் தெரியுமே. அவரு என் வீட்டுக்காரரு."

"அதனாலதான் தெரியக் கூடாதுங்கிறேன்."

"முகத்தை மூடினா நான் எப்படி சார் வரையறது? எனக்குத் திரை தெரிய வேண்டாமா?"

துணை இயக்குநர் வருத்தத்தோடு தலையாட்டினார். "கணினிங்க இப்படியெல்லாம் எதிர்க் கேள்வி கேட்கலையே."

குழு தனியே கூடிப் பேசியது. மனிதாபிமான அடிப்படையில் துணியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போடலாம் என்று முடிவானது. "அப்படியே செஞ்சிடலாம்" என்று கத்தரிக்கோலோடு ஓடினார் துணை இயக்குநர். மனைவி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போது அவளில் மிச்சமிருந்தது இரண்டு கைகளும் இரண்டு கண்களும்தான். அந்தக் கண்கள் திரும்பிப் பரிசோதகரைப் பார்த்தன. தைரியமாக இருங்க என்பது போல ஒரு தடவை சிமிட்டவும் செய்தன.

முதலில் மேஜைக் கணினி. ஒரு ஆற்றுப் பாலத்தை வரைந்து, ஒவ்வொரு தூணாகச் சுழற்றிக் காட்ட வேண்டும். அவள் கை வைத்ததும் பாலம் பம்பரமாகச் சுற்றியது. தூண்கள் வரிசையாக வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போயின. துணிக்குள்ளிருந்து ஒரு சின்ன ஆச்சரியச் சிரிப்புக்கூடக் கேட்டது. தன் விரல் தனக்கே திரும்பக் கிடைத்தவளின் சிரிப்பு.

அடுத்து மடிக்கணினி. அதே பாலம். முதல் தூண் வந்தது, இரண்டாவது வந்தது. கூடத்தில் புழுக்கம். மூன்றாவது தூண் பாதி வழியில் நின்று யோசித்தது. அவள் விரல் தட்டியது. மறுபடி தட்டியது. பாலம் அசையவில்லை. துணியின் ஓட்டைகளைச் சுற்றி ஈரம் படர்ந்தது. வியர்வையா, வேறெதுவுமா என்று சொல்ல முடியவில்லை.

"நல்லாத் தெரியுது பாருங்க" என்று திருப்தியோடு சொன்னார் இயக்குநர். "அங்கே அப்படி ஓடின கை, இங்கே இப்படி இழுக்குது. ஒரே ஆளுக்குள்ள எவ்வளவு முரண்பாடு! ஊழியர்கள்கிட்ட சீரான தரம் இல்லைங்கிறதை இந்த அம்மா ஒருத்தரே நிரூபிச்சுட்டாங்க."

மேஜைக்குக் கீழே புதுப் பெட்டியின் அட்டை மூடி கிடந்தது. பரிசோதகர் அதைப் பார்த்தார். எடுத்து ரகசியமாக நாலு வீச்சு வீசினால் போதும். அவள் தேறிவிடுவாள், நாற்காலி மிஞ்சும். ஆனால் மெஷினும் கூடவே தேறிவிடும். இரண்டாவது தடவையாக, அதுவும் அவள் கையாலேயே. மற்ற வரைவாளர்கள் ஒவ்வொருவராக இந்தத் துணிக்குள் வந்து உட்கார வேண்டியிருக்கும். வீசாவிட்டால் இவள் கிடங்கு. மந்தம் என்ற பட்டத்தோடு.

அவர் குனிந்து அட்டையை எடுத்தார். ஒளித்துக்கொள்ளவில்லை. குழுவின் நட்டநடுவில் போய் நின்று, மடிக்கணினியின் பக்கவாட்டில் பலம் கொண்ட மட்டும் விசிறினார்.

சிறிது நேரத்தில் மூன்றாவது தூண் உயிர் பெற்று வந்தது. நான்காவது, ஐந்தாவது. பாலம் சுற்றியது.

விசிறுவதை நிறுத்தினார். கொஞ்சம் சுற்றிவிட்டுப் பாலமும் தளர்ந்து நின்றது.

மறுபடி விசிறினார். மறுபடி சுற்றியது.

"அன்னிக்கும் இப்படித்தான் சார் செஞ்சேன்" என்றார் மூச்சு வாங்க. "மெஷின் சமம் இல்லை. சூடானா படுத்துடும். நான் விசிறினதாலதான் சமமா முடிச்சுது. இவங்க விரல்ல ஒரு கோளாறும் இல்லை."

 துணிக்கு வெளியே இருந்த இரண்டு கைகளும் விசைப்பலகையிலிருந்து மெல்ல விலகின. மனைவி துணியைத் தலைக்கு மேலாகக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அப்ப என் விரலுக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லம்மா."

"அது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல்லேர்ந்தே."

"கண்ணாடி மாத்தினேனே, அப்ப?"

"தெரியும்."

"வயசாயிடுச்சுன்னு சொன்னேனே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். 

"குடும்ப விஷயம் நிகழ்ச்சி நிரல்ல இல்லை" என்று நினைவூட்டினார் துணை இயக்குநர்.

இயக்குநர் கண்ணை மூடிச் சிந்தித்தார். கண்ணைத் திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"நாம பயப்படவே வேண்டாம். நம்ம அறிக்கை என்ன சொல்லுது? மடிக்கணினி சமம்னு சொல்லுது. விசிறாம சமம்னு எங்கேயாவது சொல்லுதா? படிச்சுப் பாருங்க. சொல்லலை! விசிறினா சமம்ங்கிறதை இப்ப எல்லாரும் கண்ணால பார்த்தாச்சு. ஆகவே அறிக்கை சரி. தப்பு எங்கே நடந்திருக்கு? மெஷினை வாங்கின துறைங்க விசிற ஆள் போடலை. அவங்க அலட்சியத்துக்கு நாம என்ன பண்றது?"

"பழைய மேஜைக் கணினியைத் திருப்பிக் கொடுத்துடலாமே சார்" என்றாள் மனைவி. "கிடங்குல சும்மாதான் கிடக்கு."

"கொடுத்தா இது சமம் இல்லைன்னு ஆயிடும்மா. நல்லா வேலை செய்யுதுங்கிற ஒரே காரணத்துக்காக ஒரு மெஷினைக் கொடுக்க முடியுமா?"

"ஒரு மின்விசிறியாவது வாங்கி வைக்கலாம் சார்" என்று இழுத்தார் பரிசோதகர்.

"வாங்கலாம். எந்த மின்விசிறின்னு ஒப்பிட்டுப் பார்க்கவே ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கைதான்." இயக்குநர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் அது தீர்மானம். "வரைவாளர் தகுதியுள்ளவர். அவருக்கு விசிறுநர் ஒருத்தர் தேவை. இந்தத் துறையில நேரடி அனுபவம் உள்ளவர் இன்னைக்கு நம்ம கிட்ட ஒருத்தர்தான் இருக்காரு."

"அப்படியே செஞ்சிடலாம்" என்றார் துணை இயக்குநர்.

பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடம் இருந்தும் நிற்கிறாரே என்று கண்டக்டர் இரண்டு தடவை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். "அது தேவையில்லைன்னுதான் நிரூபிச்சுட்டீங்களே" என்று அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் விசிறுநர் வரைவறையில் பொறுப்பேற்றார். நீளமான அறை, வரிசையாக மடிக்கணினிகள், நடுவில் அட்டையோடு இவர். மேஜைக்கு மேஜை போய் முறை வைத்து விசிற வேண்டும்.

"சார், இங்க ஒரு ரயில் பாலம் நின்னுடுச்சு!"

"வரேன், வரேன்."

"சார், எனக்கு விசிறி முடிக்கிறதுக்குள்ள எங்கே ஓடுறீங்க? உங்க வீட்டம்மாவுக்குன்னா நிதானமா வீசுவீங்க போல!"

"அவங்க இன்னும் கூப்பிடலைங்க" என்றார் அவர் பரிதாபமாக.

அது உண்மை. அவள் மேஜை கடைசியில் இருந்தது. காலையிலிருந்து அவள் கூப்பிடவே இல்லை. பாலம் நின்றால் கையைக் கட்டிக்கொண்டு அது ஆறும்வரை காத்திருந்தாள். அவர் இரண்டு தடவை பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பினார். சாயங்காலம் ஆகப் போகிற நேரத்தில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் குரல் கொடுத்தாள்.

"சார்."

பதினோரு வருஷத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஓடிப் போய் விசிற ஆரம்பித்தார். நின்றிருந்த பாலம் நகர்ந்தது. தூண் தூணாகத் திரும்பியது. அவள் விரல்கள் பழைய வேகத்தில் ஓடின. அவர் தோள்பட்டை கடுத்தது. முழங்கை கடுத்தது. நிறுத்தவில்லை. 

"கை வலிக்குதா?" என்று கேட்டாள் அவள்.

சோதனை நாளுக்கப்புறம் அவள் அவரைப் பற்றிக் கேட்கிற முதல் கேள்வி. 

"இல்லம்மா. கொஞ்சம்கூட இல்லை."

"வலிக்கலையா?" என்றாள், பாலத்தைத் திருப்பிக்கொண்டே. "அப்ப இன்னும் சரியா வீசலை."